காடு என்று எழுதிய பெட்டி

எங்கள் நாற்றங்காலில் காலையில் முதல் வேலை பறவை எச்சம் அள்ளுவது. முகத்தைச் சுளிப்பவர்கள் தாராளமாகச் சுளித்துக்கொள்ளுங்கள், எனக்குப் பழகிவிட்டது. காட்டோரத்து மரங்களில் பறவைகள் வந்து உட்காரும் கிளைகளுக்குக் கீழே பழைய படுக்கை விரிப்புகளை நாலு மூலையும் இழுத்துக் கட்டியிருப்போம். விடிந்ததும் அவிழ்த்து, தொட்டியில் அலசி, சல்லடையில் சலித்தால் விதை கிடைக்கும். பறவையின் வயிற்றுக்குள் போய் வந்த விதைக்கு ஒரு சுறுசுறுப்பு உண்டு. அதே விதையைப் பழத்திலிருந்து கையால் பிதுக்கி எடுத்து மண்ணில் போட்டுப் பாருங்கள், கோபித்துக்கொண்ட மாப்பிள்ளை மாதிரி அசையாமல் கிடக்கும்.

இந்த வேலை எல்லாம் நெருப்புப் பிடித்து எரிந்துபோன மலைச்சரிவுக்காகத்தான். ஓடைக்கு அந்தப் பக்கம் கரிக்கட்டையாகக் கிடக்கிறது. நாங்கள் நாற்று வளர்த்து அங்கே நடுகிறோம், உண்மைதான். ஆனால் நாங்கள் ஒரு கூடை நாற்றோடு மூச்சு வாங்கி ஏறுவதற்குள் பறவைகள் மேலே பறந்துகொண்டே ஒரு தோட்டத்துக்கு விதை போட்டுவிடும். சம்பளம் எங்களுக்கு, வேலை அவற்றுக்கு.

என் புகுந்த வீட்டில் எனக்கு எச்சக்காரி என்று பெயர். வைத்தவள் என் நாத்தனார். நான் மேற்பார்வையாளராக உயர்ந்த பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. சாப்பிட உட்கார்ந்தால் தினமும், "அண்ணி, கை கழுவியாச்சா?" என்று கேட்டுவிட்டுத்தான் தட்டைத் தள்ளுவாள். அவள் பழக் கம்பெனியின் கொட்டகையில் பழத்தைத் தரம் பிரிக்கிறாள். என் வீட்டுக்காரர் அதே கம்பெனியில் டிப்பர் லாரி ஓட்டுகிறார். ஸ்ட்ராபெரி, செர்ரி என்று தொட்டால் கன்றிப்போகும் பழங்களைப் பயிர் செய்து வெளியூருக்கு அனுப்பும் கம்பெனி. ஆக, எங்கள் வீட்டு அடுப்பு எரிவதே பழத்தால்தான்.

இந்தப் பழக்காலத்தில் விரிப்புகள் வெள்ளையாகவே வந்தன.

முதலில் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பறவைகள் தாமதமாக வரும் வருடங்கள் உண்டு. ஆனால் மறுவாரமும் அப்படியே. வழக்கமாக இந்தக் காலத்தில் விரிப்பு கறுப்பும் ஊதாவுமாகத் திட்டுத் திட்டாக இருக்கும். எந்தச் சோப்புக்கும் மசியாது. இப்போது கட்டினபடியே, புதுப்பெண் முந்தானை மாதிரி ஒரு கறையும் படாமல் தொங்கிக்கொண்டிருந்தது.

மேலே ஏறிப் பார்த்தேன். காட்டுச் செர்ரி கொத்துக் கொத்தாகத்தான் காய்த்திருந்தது. ஒன்றைத் தொட்டேன், விரலுக்குள் கொழகொழவென்று உட்கார்ந்துவிட்டது. காடி நாற்றம். மரத்தடி முழுக்கச் சேறாகப் பழக்கூழ். ஒரு பறவை வந்து ஒரு பழத்தைக் கொத்திற்று, உடனே அலகைக் கிளையில் இப்படியும் அப்படியும் துடைத்துவிட்டுப் பறந்துபோயிற்று. கெட்டுப்போன சாப்பாட்டை வாயில் வைத்துவிட்டு எழுந்துபோகிறவர்களின் அதே முகம். பறவைக்கு முகம் உண்டா என்று கேட்காதீர்கள், நான் பார்த்தேன்.

ஆராய்ச்சி நிலையத்திலிருந்து பூச்சிக்காரரை வரச்சொன்னேன். படித்த மனிதர். பூச்சியைப் பற்றிப் பேசும்போது மட்டும் திக்காமல் பேசுவார். ஒரு கண்ணாடித் தம்ளரில் உப்புத் தண்ணீர் கலந்து, நான் பறித்துவந்த பழங்களை அதில் போட்டு, டீ குடிக்கலாம் என்றார். டீ ஆறுவதற்குள் பழத்துக்குள்ளிருந்து நூல் துண்டு போல வெள்ளைப் புழுக்கள் நெளிந்து வெளியே வந்து மிதந்தன. ஒன்றிரண்டு அல்ல. டீயைத் தள்ளி வைத்தேன்.

"நம்ம ஊர் ஈ அழுகின பழத்துலதான் முட்டை போடும்" என்றார். "அதுல தப்பே இல்ல, குப்பை அள்ற வேலை அது. இது வெளியிலேர்ந்து வந்த ஈ. இதோட வால்ல ரம்பம் மாதிரி ஒண்ணு இருக்கு. மரத்துல நல்லாப் பழுத்துட்டு இருக்கிற பழத்தையே அறுத்து உள்ள முட்டை வெச்சிடும். பறவை வர்றதுக்கு முன்னாடி பந்தி முடிஞ்சுடும்."

"அப்போ விதை?"

"விதை மரத்தடியிலேயே விழும். அங்கேயே எல்லாம் நெருக்கியடிச்சு முளைச்சு, அங்கேயே சாகும். தூரமாக் கொண்டுபோக ஆள் வேணுமில்ல. பறவைக்குப் பசி, சரிவுக்கு விதை இல்ல. ரெண்டும் ஒரே ஈயால."

இந்த ஈ எப்படி வந்தது என்று கேட்டேன். பழப்பெட்டியோடு கப்பலேறி நாடு நாடாக வந்தது என்றார். பிறகு தம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே, "ஆனா ஒரே வருஷத்துல காட்டுக்குள்ள இவ்வளவு வந்திருக்குன்னா யாரோ சோறு போட்டு வளர்க்கிறாங்க. பக்கத்துல எங்கயாவது கெட்ட பழத்தைக் கொட்றாங்களா?" என்றார்.

கொட்டுகிறார்கள். யார் கொட்டுவது என்பதும் தெரியும். காலையில் அந்த ஆளுக்குச் சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்துவிட்டுத்தான் வேலைக்கு வந்திருந்தேன்.

கம்பெனி அதற்கு வைத்திருக்கும் பெயர் 'காட்டுக்கு விருந்து'. விற்க முடியாத பழத்தை வீணாக்காமல் வன உயிர்களுக்குக் கொடுக்கிறார்களாம். லாரியின் பக்கவாட்டில் அணில் படம், முயல் படம், நடுவில் பெரிய எழுத்தில் கம்பெனி பெயர். பத்திரிகையில் படம் வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் லாரியைப் பார்த்தால் கை காட்டுகிறார்கள். என் வீட்டுக்காரர் வாழ்க்கை முழுக்கச் சரக்கு ஏற்றி இறக்கியவர். அவர் லாரிக்கு வசவு கிடைத்திருக்கிறதே தவிர யாரும் கை காட்டியது கிடையாது. ஓடை மேட்டில் லாரியைச் சாய்த்துவிட்டுச் சற்றுத் தள்ளி நின்று, முயல் வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவார். வந்ததும் என்னிடம் சொல்லுவார். முகமெல்லாம் மலர்ந்திருக்கும்.

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் அன்று சாயங்காலம் சொல்ல வேண்டியிருந்தது. சோறு போட்டுக்கொண்டே சொன்னேன். புழு, ரம்பம், உப்புத் தண்ணீர் எல்லாம் சொன்னேன்.

அவர் தட்டைப் பார்த்துக்கொண்டே, "உனக்கு எதையும் நல்லதாப் பார்க்கவே தெரியாதா?" என்றார். "காட்டுல ஈயே கிடையாதா? எல்லாம் நான் லாரியில ஏத்திட்டுப் போய்த்தான் விட்டேனா?"

"ஆமாங்க, நீங்கதான் ஏத்திட்டுப் போறீங்க. அதைத்தான் சொல்றேன்."

"நல்ல பழம்தான் அது. கொஞ்சம் அடிபட்டது, வடிவம் சரியில்லாதது. அவங்களே சொல்லியிருக்காங்க."

அப்போதுதான் நாத்தனார் வாயைத் திறந்தாள். அன்று அவள் என்னிடம் கை கழுவியாச்சா என்று கேட்கவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

"அது இல்லண்ணே" என்றாள். "எங்க மேஜையில மூணு பெட்டி இருக்கும். ஒண்ணுல கடைன்னு எழுதியிருக்கும், ஒண்ணுல ஜூஸ், ஒண்ணுல காடு. அடிபட்டது, கோணல் மாணலானது எல்லாம் ஜூஸுக்குப் போயிடும். அமுக்கிப் பார்த்துப் புழு வந்தா மட்டும் காடு. அப்படித்தான் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தாங்க."

அவர் கை தட்டிலேயே நின்றுவிட்டது. "முன்னாடி அதை என்ன பண்ணுவாங்க?"

"பிளாஸ்டிக் பையில கட்டி கம்பெனி முத்தத்துல வெயில்ல போட்டுடுவாங்க. உள்ளயே வெந்துடும், புழு முட்டை எல்லாம் செத்துடும். ஒரு வாரத்துல உரக்குழிக்குப் போயிடும். அப்புறம் வெளிநாட்டுக்காரங்க கம்பெனியைப் பார்க்க வர ஆரம்பிச்சாங்க. முத்தத்துல புல்தரை போட்டு, கார் நிறுத்த இடம் பண்ணிட்டாங்க. பை வைக்க இடமில்ல, நாத்தம் வேற. அதான் விருந்து."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீ சந்தோஷமா இருந்தியேண்ணே."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. பூச்சி மேல் கோபப்பட்டு என்ன பயன், அது வயிற்றுக்குப் பிழைக்கிறது. அழுகலைக் கொண்டுபோய்க் கொட்டியதைக்கூட ஒருவேளை மன்னித்துவிடலாம், சோம்பேறிகள் உலகத்தில் இருக்கத்தான் செய்வார்கள். அதற்கு விருந்து என்று பெயர் வைத்தார்களே, முயல் படம் போட்டார்களே, பிள்ளைகளைக் கை காட்ட வைத்தார்களே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மூன்று பெட்டியில் எது கேவலமோ அதன் மேல் காடு என்று எழுத ஒரு கை வந்திருக்கிறதே.

அவர் அதற்குப் பிறகு பேசவில்லை. ஆனால் மறுநாளும் லாரியை எடுத்துக்கொண்டு போனார். அதற்கு மறுநாளும் போனார். முயல் கதை மட்டும் நின்றுபோயிற்று. கம்பெனி கொடுத்த வீட்டில் இருந்துகொண்டு, கம்பெனி லாரியை ஓட்ட மாட்டேன் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியாமலில்லை. தெரிந்தும் அவர் மேல் எரிச்சலாகத்தான் இருந்தது. தட்டை நங்கென்று வைத்தேன்.

நான் எங்கள் அதிகாரியிடம் போனேன். நல்லவர். கெட்டவராக இருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். அவர் மேஜை மேல் பூச்சிக்காரர் சொன்ன அதே விஷயத்தைச் சொல்லும் அறிக்கை ஏற்கெனவே இருந்தது. போன வருடமே வந்துவிட்டதாம். கம்பெனிக்கும் ஒரு பிரதி போயிருக்கிறது.

"மேலே அனுப்பியிருக்கேம்மா" என்றார்.

"சார், செர்ரி போயாச்சு. இனி ஓடைக்கரை முள்புதர்ல காய்க்கிற முள்பழம் ஒண்ணுதான் பாக்கி. அது கடைசியாப் பழுக்கும். ஊர்விட்டு ஊர் போற பறவை எல்லாம் அதைத் தின்னுட்டுத்தான் கிளம்பும். லாரி கொட்ற இடம் அதுக்கு நேர் மேலே. இன்னும் ரெண்டு வாரம் கொட்டினா அதுவும் போச்சு. சரிவுக்கு இந்த வருஷம் ஒரு விதை கிடைக்காது. புல்லும் முள்ளும் ஏறிடுச்சுன்னா அப்புறம் மரம் எங்கேர்ந்து வரும்?"

அவர் ஜன்னல் வழியாக நாற்றங்காலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நாற்றுகளுக்கு மேலே கட்டியிருக்கும் நிழல் வலையில் கம்பெனியின் பெயர் பெரிதாக அச்சடித்திருந்தது. தண்ணீர்த் தொட்டியிலும் அதே பெயர்தான்.

"அடுத்த வாரம் விருந்துக்கு ஒரு வருஷம் ஆகுது" என்றார் மெதுவாக. "இங்கயே விழா வைக்கணும்னு கேட்டிருக்காங்க. மேனேஜரே வர்றாராம். மேஜைக்கு விரிக்க வெள்ளைத் துணி ஏதாவது நம்மகிட்ட இருக்குமா?"

இருக்கிறது என்றேன். வேண்டிய அளவு இருக்கிறது.

விழா அன்று காலையில் மரத்தடி விரிப்புகளை நானே போய் அவிழ்த்து வந்தேன். துவைக்கவில்லை. துவைக்க எதுவும் இல்லை. இஸ்திரி மட்டும் போட்டு மேடை மேஜையில் விரித்தேன், பின்னால் திரையாகவும் கட்டினேன். பார்க்க லட்சணமாக இருந்தது. அதிகாரிகூடப் பாராட்டினார். பக்கத்தில் லாரி நின்றது, சரக்கோடு. மேனேஜர் கையைக் காட்டியதும் என் வீட்டுக்காரர் லாரியைச் சாய்க்க வேண்டும், படம் எடுப்பார்கள், பிள்ளைகள் கைதட்டுவார்கள். கம்பெனி ஆட்கள் எல்லாரையும் வரச்சொல்லியிருந்தார்கள். நாத்தனார் ஓரமாக நின்றிருந்தாள்.

மேனேஜர் இளைஞர், சிரித்த முகம். இயற்கை நமக்குக் கொடுப்பதை இயற்கைக்கே திருப்பிக் கொடுக்கிறோம் என்று பேசினார். பிறகு நாற்றங்கால் சார்பில் நான் ரெண்டு வார்த்தை பேச வேண்டும் என்று மைக்கை என்னிடம் கொடுத்தார்கள்.

"இந்த மேஜைத் துணியைப் பாருங்க" என்றேன். "நல்லா வெள்ளையா இருக்கு, இல்லையா? இது மேஜைத் துணி இல்ல. பறவை எச்சம் பிடிக்கிற துணி. இந்த மாசத்துல இதைத் தொட யாருக்கும் மனசு வராது, அவ்வளவு அழுக்கா இருக்கும். இந்த வருஷம் ஒரு மாசமா மரத்தடியில கட்டியிருந்தேன். ஒரு பொட்டு கறை இல்ல. பறவை வரல. வந்தாலும் திங்க ஒண்ணுமில்ல. பழத்துக்குள்ள புழு. அந்தப் புழு எங்கேர்ந்து வருதுன்னு கம்பெனிக்கும் தெரியும், எங்க ஆபீசுக்கும் தெரியும். தெரிஞ்சுதான் இங்க வந்து உட்கார்ந்திருக்கோம்."

மேனேஜரின் சிரிப்பு மாறவே இல்லை. மேஜையிலிருந்து முழங்கையை மட்டும் எடுத்துக்கொண்டார். அதிகாரி மைக்கை என் கையிலிருந்து மெல்ல வாங்கி, "அம்மாவுக்குக் காட்டு மேல ரொம்பப் பாசம்" என்றார். சிலர் சிரித்தார்கள். ஆயிற்று, அவ்வளவுதான். இத்தனை நாளாக நெஞ்சில் வைத்துப் புழுங்கியது ஒரு சிரிப்பில் முடிந்துபோயிற்று. காதெல்லாம் சுட்டது எனக்கு.

மேனேஜர் எழுந்து லாரியைப் பார்த்துக் கையைக் காட்டினார்.

லாரி சாயவில்லை. இன்னொரு முறை காட்டினார். கதவு திறந்தது. என் வீட்டுக்காரர் இறங்கி, லாரியின் பின்னால் போய் மேலே இருந்த பெட்டி ஒன்றை எடுத்துத் தோளில் வைத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். பெட்டியின் பக்கத்தில் காடு என்று எழுதியிருந்தது எல்லாருக்கும் தெரிந்தது. அதை மேனேஜர் முன்னால் வெள்ளைத் துணி மேல் வைத்தார். ஒரு பழத்தை எடுத்துச் சட்டையில் துடைத்து நீட்டினார்.

"ஒண்ணு சாப்பிடுங்க சார்" என்றார்.

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். "என்னப்பா இது?"

"விருந்துன்னு போட்டிருக்கு சார். விருந்து வெக்கிறவங்க முதல்ல ஒரு வாய் சாப்பிடுவாங்க. எங்க வீட்டுல அப்படித்தான். நீங்க ஒண்ணு சாப்பிட்டா நான் போய் லாரியைச் சாய்ச்சுடுறேன்."

அவர் குரலில் கோபமே இல்லை. உண்மையாகவே அவர் ஒரு வருடமாக விருந்து என்று நம்பித்தான் போய் வந்திருக்கிறார்.

மேனேஜர் பழத்தை வாங்கிக்கொள்ளவில்லை. யாரும் சிரிக்கவும் இல்லை. கொஞ்ச நேரம் நீட்டிய கை நீட்டியபடியே இருந்தது. பிறகு என் வீட்டுக்காரர் அந்தப் பழத்தைத் துணி மேல் வைத்துக் கட்டைவிரலால் லேசாக அமுக்கினார். சிவப்புச் சாறு பரவியது. அதற்குள்ளிருந்து புழுக்கள் தலையைத் தூக்கி, வெள்ளைத் துணியில் ஊர ஆரம்பித்தன. படம் எடுக்க வந்தவன் படம் எடுத்தான். அவனை அதற்குத்தானே கூப்பிட்டிருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் பெட்டியைத் திரும்பத் தோளில் ஏற்றிக்கொண்டு, "நாற்றங்கால்ல பெரிய பிளாஸ்டிக் ஷீட் இருக்கில்ல? எடுத்துட்டு வா" என்றார் என்னிடம். அன்று சாயங்காலத்துச் சண்டைக்கு அப்புறம் என்னிடம் அவர் ஒழுங்காகப் பேசிய முதல் பேச்சு அது. நான் ஷீட்டைச் சுருட்டி எடுத்துக்கொண்டு லாரியில் ஏறினேன். நாத்தனாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு என் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தாள். நேராகக் கம்பெனிக்குப் போனோம். வாசலில் இருந்த காவல்காரர், தினம் பார்க்கும் லாரிதானே என்று கதவைத் திறந்துவிட்டார். அந்தப் புல்தரையின் நட்ட நடுவில் மொத்தச் சரக்கையும் சாய்த்தோம். ஷீட்டைப் போர்த்தி, ஓரமெல்லாம் மண்ணை வெட்டிப் போட்டு மூடினோம். நல்ல வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

இப்போது நாங்கள் வேறு வீட்டில் இருக்கிறோம். சின்ன வீடு. அவர் செங்கல் லாரி ஓட்டுகிறார், அதற்கு யாரும் கை காட்டுவதில்லை. நாத்தனாருக்கு இன்னும் வேலை கிடைக்கவில்லை, நாள் முழுக்க என்னைக் கிண்டல் செய்துகொண்டு வீட்டில் இருக்கிறாள். படம் வெளியே வந்த பிறகு கம்பெனி விருந்தை நிறுத்திவிட்டது. சுற்றுச்சூழல் மேல் உள்ள அக்கறையால் நிறுத்துகிறோம் என்று அறிக்கை விட்டார்கள். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு பற்றிக்கொண்டு வந்தது.

இதெல்லாம் நடந்தும் ஓடைக்கரை முள்பழத்தைக் காப்பாற்ற முடியவில்லை. ஈ முன்னாலேயே இறங்கிவிட்டிருந்தது. போன லாரியை நிறுத்தலாம், போன ஈயைத் திருப்பிக் கூப்பிட முடியாது. பூச்சிக்காரர் வந்து பார்த்துவிட்டு, அடுத்த வருடம் கொஞ்சம் குறையலாம் என்றார். கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்டேன். அவருக்குத் திக்க ஆரம்பித்துவிட்டது.

விழாவில் கறைபட்ட அந்த விரிப்பையும் துவைத்து, பழைய கிளைக்குக் கீழேயே கட்டியிருக்கிறேன். சாறு விழுந்த இடம் மட்டும் போகவில்லை. தினமும் காலையில் போய்ப் பார்க்கிறேன். அந்த ஒரு கறையைத் தவிர துணி வெள்ளையாகவே இருக்கிறது.